சின்ன கேபினெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் ஆராய்வார்கள். கேபினெட்டை மட்டும் கடைசி நாளில், படத்தைப் பார்த்து, கையில் மிச்சம் இருக்கும் பணத்துக்கு ஏற்ப எடுத்துவிடுவார்கள். சாதாரண மிட் டவர் வாங்கினால் இதில் பெரிய ஆபத்து இல்லை. 40, 50 லிட்டர் கொள்ளளவு உள்ள அந்தப் பெட்டியில் எதை வைத்தாலும் இடம் மிஞ்சும். சின்ன கேபினெட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்தை ஒட்டியே உட்காரும். ஒன்று 5 மி.மீ. கூடினால் இன்னொன்று உள்ளே போகாது. அதனால் கேபினெட், கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் கூலர் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

சின்ன கேபினெட் என்று பொதுவாகச் சொல்வது 20 லிட்டருக்குள் அடங்குவதைத்தான். நம் வீடுகளுக்கு வரும் தண்ணீர் கேன் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, ஏறத்தாழ அதுதான் எல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 7 லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 பத்தரை லிட்டர். கன்சோல் தயாரிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: உள்ளே இருக்கும் எல்லாப் பாகங்களையும் அந்தப் பெட்டிக்கென்றே வடிவமைக்கிறார்கள். நாமோ வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியே செய்த பாகங்களைக் கொண்டுவந்து ஒரே பெட்டியில் பொருத்தப் பார்க்கிறோம்.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது லிட்டர் கணக்கு. என் பார்வையில், வாங்குபவருக்கு மிகக் குறைவாக உதவும் எண் அதுதான். கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் வந்தது, சின்ன கேபினெட் என்றதும் பலரும் முதலில் சொல்லும் பெயர். அதன் கொள்ளளவு 18.25 லிட்டர் என்பார்கள். அது 360 × 185 × 274 மி.மீ. என்ற உடல் அளவைப் பெருக்கி வந்த கணக்கு. கால், கைப்பிடித் திருகு என்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்தால் 376 × 185 × 292, அதாவது 20.3 லிட்டர். ஒரே பெட்டிக்கு இரண்டு கணக்கு. உங்கள் மேசையில் பிடிக்கப்போவது இரண்டாவது அளவு.

வடிவம் இன்னும் பெரிய விஷயம். என்கேஸ் எம்1, ஃபிராக்டல் ரிட்ஜ் இரண்டும் ஏறத்தாழ 12.6 லிட்டர்தான். எம்1-ல் 130 மி.மீ. உயரம் வரை பிராசஸர் கூலர் வைக்கலாம். ரிட்ஜ் தட்டையாக, டிவி பக்கத்தில் நிறுத்துவதற்கென்று செய்யப்பட்டது. அதில் கூலர் 70 மி.மீ. தாண்டக் கூடாது. லிட்டரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்று என்று நினைத்தால், வாங்கி வைத்த கூலரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

மதர்போர்டில் தேர்வு எளிது. இந்த அளவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை மினி ஐடிஎக்ஸ் போர்டை மட்டுமே ஏற்கும். 170 மி.மீ. சதுரம். தைவானின் வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த அளவு இது. அப்போது அது சிக்கனமான சின்னக் கம்ப்யூட்டர்களுக்கானது, கேமிங் யாருடைய கணக்கிலும் இல்லை. முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ. என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியும். சுருங்கியதற்கு விலை உண்டு. ரேம் மாட்ட இரண்டே ஸ்லாட். கார்டு செருக ஒரே ஸ்லாட். இன்று 16 ஜிபி, பிறகு இன்னும் இரண்டு ஸ்டிக் என்று திட்டமிட முடியாது. முதல் தடவையே 32 ஜிபி போட்டுவிடுவது நல்லது. அதே வசதியுள்ள பெரிய போர்டைவிட மினி ஐடிஎக்ஸ் பெரும்பாலும் விலையும் கூடுதலாக இருக்கும்.

இனி கிராபிக்ஸ் கார்டு. பெட்டியைத் தீர்மானிப்பது இதுதான். கார்டுக்கு மூன்று அளவு உண்டு. நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். தடிமனைச் சிலர் பார்க்கிறார்கள். உயரத்தை, அதாவது ஸ்லாட்டிலிருந்து கார்டின் மேல் விளிம்பு வரை உள்ள அளவை, அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. சிக்கல் வருவது அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்ஆர்200-ல் கார்டின் நீளம் 330 மி.மீ. வரை, தடிமன் மூன்று ஸ்லாட் வரை போகலாம். என்விடியாவின் சொந்தத் தயாரிப்பான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 304 மி.மீ. நீளம், 61 மி.மீ. தடிமன். போய்விடும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கார்டின் உயரம் 137 மி.மீ.; கேபினெட் தருவது, பவர் கேபிளையும் சேர்த்து, 156 மி.மீ. மிஞ்சுவது 19 மி.மீ. மேலே செருகும் 16 பின் கேபிளின் தலையும், அது வளைந்து திரும்பும் வளைவும் அந்த 19 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டை மூடும்போது கேபிள் தலை கார்டை நோக்கி அழுத்தப்படும். 4090 வந்த புதிதில், 2022-ன் இறுதியில், இந்த வகைக் கனெக்டர்கள் சரியாக உட்காராமல் உருகிய செய்திகள் உலகம் முழுக்க வந்தன. அழுத்தி மூடிச் சமாளிக்கக் கூடிய இடம் இது அல்ல. அதே கேபினெட்டில் 112 மி.மீ. உயரமுள்ள ஆர்டிஎக்ஸ் 4070 கார்டை வைத்தால் 44 மி.மீ. மிச்சம் இருக்கும், கேபிள் நிம்மதியாக வளையும். கார்டின் உயரத்தோடு குறைந்தது 35 மி.மீ. கூட்டி, அந்தத் தொகை பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ. ஆக இரண்டு ஸ்லாட் கார்டு 40 மி.மீ. பக்கம், மூன்று ஸ்லாட் 60 பக்கம். இதிலும் தயாரிப்பாளர்கள் தாராளமாக இருப்பார்கள்; இரண்டே கால் ஸ்லாட்டை இரண்டு என்று சொல்வது உண்டு. மி.மீ. எண்ணையே தேடிப் பிடியுங்கள். இந்தக் குழப்பத்தைக் குறைக்க 2024-ல் என்விடியா ஒரு வரையறை கொண்டுவந்தது: கார்டு 304 மி.மீ. நீளம், கேபிள் வளைவையும் சேர்த்து 151 மி.மீ. உயரம், 50 மி.மீ. அல்லது இரண்டரை ஸ்லாட் தடிமன் ஆகியவற்றுக்குள் இருந்தால் 'எஸ்எஃப்எஃப் ரெடி' என்று முத்திரை. சின்ன கேபினெட் வாங்குபவர்களுக்கு உண்மையில் உதவிய ஏற்பாடு. கார்டு அட்டையில் அந்தச் சொல் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

அடுத்தது உள்ளமைப்பு. என்ஆர்200 மாதிரியான பெட்டிகளில் கார்டு வழக்கம்போல நேராக மதர்போர்டில் செருகப்படும். இன்னொரு வகையைச் சாண்ட்விச் என்பார்கள்: நடுவில் ஒரு தகடு, ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கார்டு, இரண்டும் முதுகோடு முதுகு. இரண்டையும் ரைசர் கேபிள் என்ற தட்டையான கேபிள் இணைக்கும். ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் 2016-ல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டிக் கொண்டுவந்த டான் ஏ4 இந்த அமைப்பைப் பிரபலமாக்கியது. வெறும் 7.2 லிட்டரில் முழு நீளக் கார்டு. அதற்குப் பிறகு வந்த பல கேபினெட்டுகள் அதன் வழியில் வந்தவைதான்.

சாண்ட்விச்சில் ஒரு பக்கம் எடுக்கும் இடத்தை மறுபக்கம் இழக்கும். இதைத் தெளிவாகக் காட்டுவது 2023-ல் வந்த ஃபிராக்டல் டெர்ரா, 10.4 லிட்டர். அதன் நடுத்தகட்டை நகர்த்தி வைக்கலாம். கார்டு 43 மி.மீ. தடிமனுக்குள் இருந்தால் கூலருக்கு 77 மி.மீ. கிடைக்கும். கார்டுக்கு 72 மி.மீ. கொடுத்தால் கூலருக்கு 48 மி.மீ.தான். இரண்டையும் எப்படிக் கூட்டினாலும் 120. இரண்டு ஸ்லாட் கார்டு வாங்குபவர் 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்12எஸ் வைத்து அமைதியாக ஓட்டலாம். மூன்று ஸ்லாட் கார்டுதான் வேண்டும் என்பவர் 37 மி.மீ. உயரமுள்ள என்எச்-எல்9 வகைக்கோ, 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 வகைக்கோ இறங்க வேண்டும். அந்தச் சின்னக் கூலரால் சூடான பிராசஸரைச் சமாளிக்க முடியாது; ஆகவே பிராசஸரையும் இறக்க வேண்டும். பெரிய கார்டு ஒன்று பிராசஸர் வரை வந்து கை வைப்பது இப்படித்தான்.

ரைசர் கேபிளைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. பழைய கேபினெட்டோடு வந்த மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை மாட்டினால் திரை வராமல் போகலாம், அல்லது விளையாட்டு நடுவில் நின்றுபோகலாம். பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கார்டு பழுது என்று முடிவு கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள். இரண்டாவது, பாதுகாப்பு. என்இசட்எக்ஸ்டி எச்1 கேபினெட்டில் ரைசரைப் பிடித்திருந்த திருகு மின்கடத்தும் பாதையைத் தொட்டுத் தீப்பிடிக்கும் வாய்ப்பு இருந்ததால், 2021-ல் அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. பயன்படுத்திய கேபினெட் வாங்கும்போது மாடல் பெயரோடு இப்படி ஏதும் அறிவிப்பு உண்டா என்று தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 20 லிட்டருக்குள் உள்ள பெட்டிகளில் பெரும்பாலானவை எஸ்எஃப்எக்ஸ் அளவு கேட்கும்: 125 × 100 × 63.5 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் என்பது அதைவிட 30 மி.மீ. நீளம், பெரிய ஃபேன் வைக்கலாம் என்பதால் சத்தம் குறையலாம், ஆனால் அந்த 30 மி.மீ.யும் கேபிள் மடக்கி வைக்க வேண்டிய இடத்திலிருந்துதான் போகிறது. இப்போது எஸ்எஃப்எக்ஸ் அளவிலேயே 750 வாட், 1000 வாட் கூட வந்துவிட்டது. விலை, அதே வாட் உள்ள சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைவிடக் கூடும். கேபிள்களைத் தனித்தனியே கழற்றக்கூடிய மாடுலர் வகையாகவே வாங்குங்கள். தேவையில்லாத ஒரு கேபிளைச் சுருட்டி வைக்கக்கூட இங்கே மூலை இருக்காது. நீளம் குறைந்த கேபிள் வேண்டும் என்று வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்து மாட்டிவிடாதீர்கள். செருகும் முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்விட்சைப் போட்ட கணத்தில் எஸ்எஸ்டியோ மதர்போர்டோ கருகலாம்.

இப்போது வெப்பம். நம் ஊர் வாசகர் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ கத்திரி வெயில் காலத்தில் ஏசி இல்லாத அறை மதியம் 34, 35 டிகிரிக்குப் போவது சாதாரணம். கூலர் செய்வது பாகத்தின் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துவது மட்டுமே. அறைக் காற்று 12 டிகிரி கூடினால் பாகத்தின் வெப்பமும் ஏறத்தாழ 12 டிகிரி கூடும். விமர்சனத்தில் 72 டிகிரி காட்டிய கார்டு உங்கள் அறையில் 84-ஐத் தொடும். அந்த நிலையில் கார்டு கெட்டுப்போகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், ஃபேன்கள் கத்தும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் மே மாதத்தில் கிடைக்காமல் போகும். எனவே விமர்சனத்தில் பார்க்கும் எண்ணோடு பத்துப் பன்னிரண்டு டிகிரியை நீங்களே கூட்டிப் படியுங்கள்.

சின்னப் பெட்டி என்பதால் வெப்பம் குறைவாக வரும் என்றும் நினைக்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4070 எடுப்பது 200 வாட். 4090 எடுப்பது 450. ஆர்டிஎக்ஸ் 5090 எடுப்பது 575. பெட்டி எந்த அளவாக இருந்தாலும் அத்தனை வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வெப்பமாக வரும். ஏசி இல்லாத பத்துக்குப் பத்து அறையில் 575 வாட் கார்டு வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆகவே கேபினெட்டில் முதலில் பார்க்க வேண்டியது, கார்டின் ஃபேன் எதை நோக்கி இருக்கிறது என்பது. சல்லடை போலத் துளையிட்ட தகட்டை ஒட்டி இருந்தால், ஃபேன் வெளிக் காற்றை நேராக இழுக்கும். சாண்ட்விச் பெட்டிகளின் பெரிய பலம் இதுதான். அதே இடத்தில் கண்ணாடி இருந்தால், கார்டு தான் வெளியேற்றிய சூட்டையே மறுபடி இழுக்கும். விளக்கு தெரிய வேண்டும் என்பதற்காகச் சின்ன கேபினெட்டில் கண்ணாடி வாங்குவது நம் வெயிலுக்குப் பொருந்தாத ஆசை. என்ஆர்200-ஐப் போன்ற பெட்டியில் கார்டுக்குக் கீழே 120 மி.மீ. ஃபேன் இரண்டு வைத்துக் காற்றை உள்ளே இழுத்து, மேலே இரண்டு வைத்து வெளியேற்றினால் நன்றாக வேலை செய்யும். சூடான காற்று தானாகவே மேலே போகும் என்பதால் இந்தத் திசைதான் சரி. கார்டு மூன்று ஸ்லாட் என்றால் கீழே சாதாரண 25 மி.மீ. ஃபேனுக்கு இடம் இருக்கிறதா, 15 மி.மீ. மெல்லிய ஃபேன் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பம். என்விடியாவின் சமீபத்திய சொந்தத் தயாரிப்புக் கார்டுகள் காற்றை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் வழியாக ஊடுருவித் தள்ளுகின்றன. திறந்த பெட்டியில் அருமையான ஏற்பாடு. சாண்ட்விச்சில் அந்த மறுபக்கம் நடுத்தகடு; தள்ளப்படும் சூடு அங்கே முட்டித் தேங்கும். ஆர்டிஎக்ஸ் 5090 இரண்டே ஸ்லாட் தடிமனில் வந்ததும் சின்னப் பெட்டிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நுழைவது வேறு, 575 வாட்டை வெளியேற்றுவது வேறு.

பாகங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல்களில் பாதி எழவே எழாது. உச்சத்தில் 253 வாட் வரை எடுக்கும் கோர் ஐ9-14900கே போன்ற பிராசஸர் இந்தப் பெட்டிகளுக்கு ஆகாது. ரைசன் 5 7600 அல்லது ரைசன் 7 7800எக்ஸ்3டி விளையாடும்போது மிகக் குறைவான மின்சாரத்தில் வேலையை முடிக்கும். 7800எக்ஸ்3டி கேமிங்கில் தரும் வேகமோ மிக அதிகம். கார்டைப் பொறுத்தவரை, மென்பொருளில் அதன் மின்சார அளவை 80 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். விளையாட்டில் இழப்பது பெரும்பாலும் சில சதவீதம் மட்டுமே. சின்னப் பெட்டிக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

தண்ணீர் கூலர் வைக்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். 240 மி.மீ. என்று சொல்லும் ரேடியேட்டரின் உண்மை நீளம் 275 மி.மீ. பக்கம் வரும், தடிமன் 27, ஃபேன் 25, ஆக 52 மி.மீ. லியன் லி ஏ4-எச்2ஓ இதற்கென்றே இடம் ஒதுக்கிய 11 லிட்டர் பெட்டி. மற்றவற்றில் காற்றுக் கூலரே நிம்மதி. பம்ப் நின்றுபோகும் என்ற கவலை இல்லை. உயரம் குறைந்த கூலரின் ஓரம் ரேம் மேலே வந்து நிற்கும் என்பதால், ரேமில் விளக்கும் உயரமான உலோகத் தகடும் இல்லாததாக வாங்குங்கள்.

செலவையும் சொல்ல வேண்டும். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் தொகையைச் சேர்த்தால், அதே பணத்தில் பெரிய பெட்டியில் ஒரு படி மேலான கார்டு வாங்கியிருக்கலாம். இடம்தான் பிரச்சினை, ஆனால் 20 லிட்டர் என்பது கட்டாயம் இல்லை என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ் பக்கம் பாருங்கள். லியன் லி ஏ3 26.3 லிட்டர், ஆசுஸ் பிரைம் ஏபி201 33 லிட்டர். இரண்டிலும் சாதாரண எஸ்எம்பிஎஸ் போகும், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு போகும், பெரிய டவர் கூலர் போகும். முதல் தடவை சொந்தமாக அசெம்பிள் செய்யும் கல்லூரி மாணவர் கேட்டால் இந்த அளவைத்தான் பரிந்துரைப்பேன். கையை விட்டு வேலை செய்ய இடம் இருக்கும். திருகு விழுந்தால் எடுக்கவும் முடியும்.

கடையில் வாங்குவதானால், ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர்க் கடையோ, கார்டையும் கேபினெட்டையும் ஒரே இடத்தில் எடுத்து, அங்கேயே பொருத்திப் பார்க்கக் கேளுங்கள். பக்கத் தகட்டை முழுவதுமாக மூடிக் காட்டச் சொல்லுங்கள். தகடு இல்லாமல் எல்லாமே பொருந்தும். அசெம்பிள் செய்து முடித்ததும், மூடிய நிலையில் ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூசி வடிகட்டிகளைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டதா என்பதைப் பின்னால் அந்த எண்தான் சொல்லும்.

சின்ன கேபினெட்டை விரும்புபவர்களில் பலர் அதைத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்கள்: விடுதியில் இருப்பவர்கள், வேலைக்காகப் பெங்களூருக்கும் ஊருக்கும் அலைபவர்கள். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு இண்டிகோ போன்ற நிறுவனங்கள் அனுமதிக்கும் அளவு 55 × 35 × 25 செ.மீ., எடை 7 கிலோ. பத்து லிட்டர் பெட்டி அளவில் எளிதாகப் போகும். பாகங்கள் எல்லாம் போட்ட பிறகு எடைதான் தாண்டும். கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்வது அதற்கும் நல்லது, ஸ்லாட்டுக்கும் நல்லது. ரயிலிலோ பேருந்திலோ கார்டோடு கொண்டுபோவதானால், கார்டு தொங்காமல் மதர்போர்டின் மேல் செங்குத்தாக நிற்கும்படி பெட்டியைப் படுக்க வைத்து, மடியிலோ இருக்கையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மேலே சாமான் தட்டில் வேண்டாம்.